டெட்ராய்ட்டுக்குத் தெரியாமலா போயிற்று?

நம் ஊர் ஷோரூமில் கார் பார்க்க வருகிறவர்கள், கதவைத் திறந்து உள்ளே உட்காருவதற்கு முன்பே கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு: "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" கார் என்று ஒன்று வந்த நாள் முதலே உலகம் முழுக்க இதைத்தான் கேட்டிருப்பார்கள் என்று நமக்குத் தோன்றும். அமெரிக்காவில் 1973 வரை இதைக் கேட்டவர்கள் குறைவு. ஊரே சேர்ந்து கேட்கத் தொடங்கியபோது நல்ல பதில் வைத்திருந்தவர்கள் டொயோட்டாவும் ஹோண்டாவும் டட்சனும்தான். ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் மூன்றும் முழித்தன. உலகத்திலேயே பெரிய மோட்டார் தொழிலை வைத்திருந்த நாட்டின் சொந்த நிறுவனங்கள், சொந்த மண்ணில் அப்போது விட்ட இடத்தை இன்றுவரை முழுதாக மீட்கவில்லை.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் சுருக்கமானது: ஜப்பான்காரர்களுக்குச் சிக்கனமான கார் செய்யத் தெரிந்தது, அமெரிக்கர்களுக்குத் தெரியவில்லை. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் டெட்ராய்ட்டில் என்னதான் நடந்தது என்று ஒவ்வொரு படியாக இறங்கிப் பார்த்தால் கதை வேறு மாதிரி போகிறது. (டெட்ராய்ட் மிச்சிகன் மாநில நகரம், மூன்று நிறுவனங்களும் வளர்ந்த இடம் என்பதால் மூன்றையும் சேர்த்து இந்தப் பெயரிலேயே அழைப்பார்கள்.) அவசரமில்லை. டீ ஆறிப்போனால் இன்னொன்று சொல்லிக்கொள்ளலாம்.

முதலில், காரில் ஊற்றும் பெட்ரோல் எங்கே போகிறது? அதிலுள்ள சக்தியில் கால் பங்கோ அதற்கும் குறைவாகவோதான் சக்கரத்தைப் போய்ச் சேர்கிறது. மீதி பெரும்பாலும் சூடாகி, ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியேறிவிடும். சக்கரத்துக்குப் போய்ச் சேரும் பங்குக்கும் மூன்று செலவுகள். நின்ற வண்டியைக் கிளப்பி வேகம் பிடிக்க வைப்பது ஒன்று. காற்றைக் கிழித்துக்கொண்டு போவது இன்னொன்று. டயர் உருளும்போது நசுங்கி நசுங்கி இழப்பது மூன்றாவது. முதலாவதும் மூன்றாவதும் வண்டியின் எடையைப் பொறுத்தவை. எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் பெட்ரோலில் 6, 7 சதவீதம் மிச்சமாகும் என்பது இன்ஜினியர்களின் தோராயக் கணக்கு.

இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாதது. 200 குதிரைத்திறன் உள்ள கார்கூட ஊருக்குள் ஒரே சீராக ஓடும்போது அதில் 20 குதிரைத்திறனைக்கூடப் பயன்படுத்துவதில்லை. மிச்சத் திறன் சும்மா இருக்கிறது. ஆனால் சும்மா இருப்பதற்கும் அது பெட்ரோல் கேட்கும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்தினால், இன்ஜினுக்குள் காற்று போகும் வழியை ஒரு தகடு முக்கால்வாசி அடைத்துக்கொள்கிறது. அந்தச் சந்து வழியாகக் காற்றை உறிஞ்சி இழுப்பதிலேயே இன்ஜினின் உழைப்பில் ஒரு பகுதி போய்விடும். எட்டு சிலிண்டர் இருந்தால் எட்டு பிஸ்டனும் உராய்ந்தபடி இருக்கும். ஆக, சிக்கனமான காருக்கு வழி எளிது: எடை குறைவாக, வடிவம் சிறிதாக, தேவைக்கு அளவான இன்ஜினோடு செய். இதில் ரகசியம் எதுவும் இல்லை. இது டோக்கியோவில் தெரிந்து டெட்ராய்ட்டில் தெரியாமல் போன வித்தை என்று நம்ப வழியே இல்லை.

அப்படியானால் டெட்ராய்ட் ஏன் பெரிதாகவே செய்துகொண்டிருந்தது? 1973இல் அமெரிக்காவில் ஒரு காலன் பெட்ரோல் ஏறத்தாழ 39 சென்ட். ஒரு காலன் என்பது 3.8 லிட்டர், ஆக லிட்டர் சுமார் 10 சென்ட். நாட்டுக்குள்ளேயே எண்ணெய்க் கிணறுகள், அகலமான சாலைகள், கார் நிறுத்தத் தாராளமாக இடம். அதைவிட முக்கியம் விற்பனை முறை. ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களைப் படிக்கட்டாக அடுக்கி வைத்திருந்தது: கீழே செவ்ரோலே, அப்புறம் பான்டியாக், ஓல்ட்ஸ்மொபீல், பியூக், உச்சியில் கேடிலாக். வாழ்க்கையில் முன்னேற முன்னேற ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். ஏறும் ஒவ்வொரு படியிலும் வண்டி நீளும், கனக்கும், லாபமும் கூடும். பெரிய காருக்கு இரும்பு கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும்; ஆனால் வடிவமைக்கும் செலவு, ஆலைச் செலவு, தொழிலாளியின் நேரம் எல்லாம் சிறிய காருக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். விற்கும் விலையோ இரண்டு மடங்கு. சிறிய காரில் சிறிய லாபம்தான் என்பது அங்கே எல்லோர் வாயிலும் புழங்கிய பேச்சு. அதில் பொய்யும் இல்லை.

ஜப்பானில் நிலைமை தலைகீழ். எண்ணெய் முழுக்க இறக்குமதி. இன்ஜின் அளவையும் வண்டியின் நீள அகலத்தையும் பார்த்து வரி போட்டார்கள். 1.7 மீட்டருக்கு மேல் அகலம் போனால் வண்டி அடுத்த வகைக்குப் போய்விடும். 360 சி.சி. இன்ஜினுக்குள் அடங்கும் குட்டிக் கார்களுக்கென்று தனிச் சலுகை வகையே இருந்தது. கார் வாங்குகிறவர் அதை நிறுத்த இடம் இருப்பதாகக் காட்ட வேண்டும் என்று 1962இல் சட்டம் வந்தது. ஜப்பான் நிறுவனங்கள் அமெரிக்காவை வெல்ல வேண்டும் என்று திட்டமிட்டுச் சிறிய கார் செய்யவில்லை. தங்கள் ஊரில் எது விற்குமோ அதைச் செய்தார்கள். அவர்கள் லாபம் பார்க்கப் பழகியதே சிறிய வண்டியில்தான்.

டெட்ராய்ட் முயலவே இல்லை என்றும் சொல்ல முடியாது. எண்ணெய் நெருக்கடிக்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1970இல், செவ்ரோலே வேகாவும் ஃபோர்டு பின்டோவும் சந்தைக்கு வந்துவிட்டன. இரண்டும் சிறிய கார்கள், இரண்டுமே லட்சக்கணக்கில் விற்றவை. ஆனால் வேகாவின் அலுமினிய இன்ஜின் சூடேறிப் பழுதானது, உடம்பு சீக்கிரம் துருப்பிடித்தது. பின்டோவைப் பின்னாலிருந்து இடித்தால் பெட்ரோல் டேங்க் தீப்பிடிக்கிறது என்ற புகார் வலுத்து, 1978இல் சுமார் 15 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. அதே நிறுவனங்களின் பெரிய கார்கள் இந்த அளவு பேர் கெட்டதில்லை. லாபம் தராத பிள்ளைக்கு வீட்டில் என்ன கவனிப்பு கிடைக்குமோ அதுதான் இவற்றுக்கும் கிடைத்தது.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பீப்பாய் சுமார் 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. பெட்ரோல் பங்க்குகளில் நீண்ட வரிசை. நாடு முழுக்க வேக வரம்பை மணிக்கு 55 மைலாகக் குறைத்தார்கள். ஷோரூம்களில் பெரிய கார்கள் தேங்கின.

இதே காலத்தில் நடந்த ஒரு சம்பவம் எனக்குப் பிடித்தமானது. புகையைக் குறைக்கச் சொல்லும் புதிய சட்டம் அமெரிக்காவில் வந்திருந்தது. அந்த வரம்பை எட்ட முடியாது, காலம் வேண்டும் என்று டெட்ராய்ட் வாதாடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஹோண்டா சிவிசிசி என்ற இன்ஜினைக் கொண்டுவந்தது. அதன் சூட்சுமம் இது: சிலிண்டருக்குத் தலைமாட்டில் ஒரு சின்ன அறை. அதில் பெட்ரோல் செறிந்த கலவை முதலில் தீப்பிடித்து, அந்தச் சுடர் பெரிய அறைக்குள் பாய்ந்து, பெட்ரோல் குறைவான கலவையை நிதானமாக எரித்து முடிக்கும். புகையும் குறைவு, சிக்கனமும் உண்டு. சின்ன இன்ஜினில் சரிப்பட்டு வரும், எங்கள் பெரிய இன்ஜினில் வராது என்பது டெட்ராய்ட்டின் பதில். ஹோண்டா என்ன செய்தது தெரியுமா? எட்டு சிலிண்டர் செவ்ரோலே இம்பாலா ஒன்றை வாங்கி ஜப்பானுக்குக் கொண்டுபோனது. அதன் இன்ஜினுக்குத் தன் முறையைப் பொருத்தி, திருப்பி அமெரிக்காவுக்கு அனுப்பி, அரசின் சோதனைக் கூடத்திலேயே ஓட்டிக் காட்டியது. வண்டி தேறிவிட்டது.

நம் பாதையில் அடுத்த படி சட்டம். 1975 டிசம்பரில் ஜனாதிபதி ஜெரால்டு ஃபோர்டு (கார் கம்பெனிக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை) ஓர் எரிசக்திச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒரு நிறுவனம் ஓராண்டில் விற்கும் எல்லாக் கார்களின் சராசரி மைலேஜ் இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்பது அதன் சாரம். 1978இல் காலனுக்கு 18 மைல், 1985க்குள் 27.5 மைல். நம் கணக்கில் லிட்டருக்கு 7.7 கிலோமீட்டரில் தொடங்கி 11.7 வரை. எந்தக் காரையும் செய்யாதே என்று சட்டம் சொல்லவில்லை. சராசரியைக் காட்டு என்றது. அவ்வளவுதான்.

இந்தச் சராசரியை எப்படிப் போடுகிறார்கள் என்று ஒரு நிமிடம் பார்ப்போம். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி ஒன்று, 20 கொடுக்கும் வண்டி ஒன்று. சராசரி 15 என்று வாய் முந்திக்கொள்ளும். இரண்டையும் நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். முதலாவது 10 லிட்டர் குடிக்கும், இரண்டாவது 5 லிட்டர். 200 கிலோமீட்டருக்கு 15 லிட்டர் என்றால் லிட்டருக்கு 13.3தான். சட்டமும் இப்படித்தான் கணக்கிடுகிறது. குடிக்கும் வண்டி சராசரியை நாம் நினைப்பதைவிட அதிகமாகக் கீழே இழுக்கும். 8 கொடுக்கும் பெரிய கார் ஒன்றை விற்க வேண்டுமானால், 15 கொடுக்கும் சிறிய கார் இரண்டை விற்றால்தான் சராசரி 11.7 பக்கம் வரும்.

இங்கேதான் டெட்ராய்ட்டின் சிறிய காருக்குப் புது வேலை கிடைத்தது. பெரிய காரை விற்பதற்கான அனுமதிச் சீட்டாக அது மாறிப்போனது. அதில் லாபம் வராவிட்டாலும் பரவாயில்லை, தள்ளுபடி கொடுத்தாவது தள்ளிவிட்டால் போதும், சராசரி தேறிவிடும். இப்படி ஒரு நோக்கத்தோடு செய்யப்படும் காரை யார் ஆசையாக வடிவமைப்பார்கள்? ஹோண்டாவுக்கோ சிவிக் என்ற சின்னக் கார்தான் சோறு போட்டது. அதன் சிறந்த இன்ஜினியர்கள் அதில்தான் இருந்தார்கள். இந்த வித்தியாசம் வண்டியை ஓட்டிப் பார்த்தவருக்குத் தெரிந்தது.

1979இல் ஈரான் புரட்சி, இரண்டாவது எண்ணெய் அதிர்ச்சி. கிரைஸ்லர் மூழ்கும் நிலைக்கு வந்து, 1980 ஜனவரியில் அரசு 150 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் நின்றது. உள்நாட்டுக்காரர்களைக் காப்பாற்ற 1981இல் ஜப்பானோடு ஓர் ஏற்பாடு: ஆண்டுக்கு 16.8 லட்சம் கார்களுக்கு மேல் அமெரிக்காவுக்கு அனுப்புவதில்லை. எண்ணிக்கைக்குத்தானே கட்டுப்பாடு, விலைக்கு இல்லையே! ஜப்பான்காரர்கள் அந்த எண்ணிக்கைக்குள் விலை கூடிய கார்களை நிரப்பினார்கள். ஹோண்டா 1982இல் ஒஹையோ மாநிலத்திலேயே கார் ஆலையை ஓட்ட ஆரம்பித்தது. சில ஆண்டுகளில் அக்யூரா, லெக்ஸஸ், இன்ஃபினிட்டி என்று சொகுசுக் கார்களோடும் வந்து நின்றார்கள். வேலி போட்டது டெட்ராய்ட்டுக்காக. ஏணியாகப் பயன்படுத்திக்கொண்டது ஜப்பான்.

இனி கதையின் முக்கியமான திருப்பம். 1975 சட்டம் வண்டிகளை இரண்டு பெட்டிகளாகப் பிரித்திருந்தது. ஒன்று பயணிகள் கார், மற்றது இலகு ரக டிரக். டிரக் என்றால் விவசாயியும் கொத்தனாரும் சாமான் ஏற்றும் பிக்கப் என்பது அன்றைய நினைப்பு. பிழைப்புக்கான வண்டியை நெருக்கக் கூடாது என்று அதற்கு வரம்பைத் தளர்த்தி வைத்தார்கள். காருக்கு 27.5 என்றிருந்த காலத்தில் டிரக்குக்கு 20.7தான். அதிகம் குடிக்கும் கார்களுக்கு 1978இல் போட்ட தனி வரியும் டிரக்குக்கு இல்லை. மொத்த எடை 8,500 பவுண்டை, அதாவது சுமார் 3,850 கிலோவைத் தாண்டிவிட்டால் அப்போது மைலேஜ் வரம்பே கிடையாது.

எது டிரக் என்பதற்கான இலக்கணம் இன்னும் வேடிக்கை. பின் இருக்கைகளைக் கழற்றினால் தட்டையான தளம் கிடைக்கிறதா, அது டிரக். மேடு பள்ளத்தில் போகும்படி உயரமும் நான்கு சக்கர இழுவையும் இருக்கிறதா, அதுவும் டிரக். குழந்தைகளைப் பள்ளியில் விட 1983 முதல் குடும்பங்கள் வாங்கிய கிரைஸ்லர் மினிவேன் டிரக் கணக்கில் வந்தது. பிக்கப்பின் அடிச்சட்டத்தின் மேல் ஐந்து பேர் உட்காரும் கூண்டை வைத்து ஃபோர்டு 1990இல் விற்ற எக்ஸ்ப்ளோரரும் டிரக். நாம் இன்று எஸ்யூவி என்று சொல்லும் வகை அமெரிக்காவில் பெருகிய வழி இதுதான். அடிச்சட்டம் ஏற்கெனவே இருக்கிறது, செலவு குறைவு, விலை அதிகம், சட்டம் கண்டுகொள்ளாது. 1990களின் பிற்பகுதியில் பெரிய எஸ்யூவி ஒன்றில் 10,000 டாலர் அளவுக்கு லாபம் என்று பத்திரிகைகள் எழுதின. கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு ஏன் நுழைந்தாய் என்று கேட்க முடியுமா?

இந்தப் பெட்டிக்குள் வெளிநாட்டுக்காரர்களும் எளிதில் வர முடியாது. காரணம் கோழி. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழிக்கறிக்கு மேற்கு ஜெர்மனியும் பிரான்ஸும் வரியை ஏற்ற, பதிலடியாக அமெரிக்கா 1964இல் சில பொருள்களுக்கு 25 சதவீத வரி போட்டது. அந்தப் பட்டியலில் இலகு ரக டிரக்கும் இருந்தது. கோழிச் சண்டை மறந்துபோயிற்று. பட்டியலில் இருந்த மற்றவற்றுக்கு வரி பின்னால் நீங்கியது. டிரக்குக்கு மட்டும் நின்றுவிட்டது. இறக்குமதி காருக்கு 2.5 சதவீதம், டிரக்குக்கு 25 சதவீதம் என்றே பல பத்தாண்டுகள் ஓடின. போட்டி கடுமையான சிறிய காரில் மல்லுக்கட்டுவதா, போட்டியில்லாத டிரக்கில் காசு பார்ப்பதா? நிறுவனத்தை நடத்துகிறவர் இடத்தில் நாம் இருந்தாலும் பதில் ஒன்றுதான்.

இப்போது நாம் முதலில் சொன்ன அந்தப் பொதுவான காரணத்துக்குத் திரும்பலாம்: 'அமெரிக்கர்களுக்குத் தெரியவில்லை.' இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் எல்லோரும் தடுக்கி விழுவது இங்கேதான்.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் பாருங்கள். ஃபோர்டு 1976இல் ஐரோப்பாவில் ஃபியஸ்டா என்ற சின்னக் காரை இறக்கியது. அந்தக் கண்டத்தின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்று. அப்போது ஜெனரல் மோட்டார்ஸின் ஜெர்மன் நிறுவனமாக இருந்த ஓப்பல், கடெட்டையும் கோர்சாவையும் செய்து விற்றது. முதலாளி அதே டெட்ராய்ட். பெட்ரோலுக்கு வரி அதிகம், தெரு குறுகல் என்ற ஊரில் அதே நிறுவனம் அருமையான சின்னக் கார் செய்தது. ஃபியஸ்டாவை ஜெர்மனியில் செய்து அமெரிக்காவிலும் 1978 முதல் 1980 வரை விற்றுப் பார்த்தார்கள். ஆகவே தெரியாமல் இல்லை.

இன்னொரு சாட்சி இதைவிட வலுவானது. ஒருவருக்கு வருடா வருடம் சம்பளம் உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் உயர்வில் பெரிய வாடகை வீடு பார்க்கிறார். அடுத்ததில் எல்லா அறைக்கும் ஏசி. அதற்கடுத்ததில் வீடு நிறையச் சாமான். இருபது வருடம் கழித்து பாஸ்புக்கைத் திறந்தால் பழைய தொகையே கிடக்கிறது. இவருக்குச் சம்பாதிக்கத் தெரியவில்லை என்றா சொல்வோம்? அமெரிக்க வண்டிகளுக்கு நடந்தது இதேதான். இன்ஜின் நுட்பம் ஆண்டுக்கு ஆண்டு முன்னேறியது. துல்லியமாகப் பெட்ரோலைத் தெளிக்கும் முறை வந்தது, சிலிண்டருக்கு நான்கு வால்வு வந்தது, கியர்கள் கூடின. ஒரே அளவு பெட்ரோலில் கிடைக்கும் வேலை கூடிக்கொண்டே போனது. அந்த வரவை மைலேஜ் கணக்கில் போடாமல், எடையிலும் வேகத்திலும் செலவழித்துவிட்டார்கள்.

எவ்வளவு செலவழித்தார்கள் என்பதை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பொருளியலாளர் கிறிஸ்டோபர் நிட்டெல் 2011இல் கணக்கிட்டுக் காட்டினார். 1980க்கும் 2006க்கும் இடையில் அமெரிக்காவில் விற்ற வண்டிகளின் சராசரி எடை 26 சதவீதம் ஏறியது. குதிரைத்திறன் 107 சதவீதம், அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். மைலேஜ் உயர்ந்ததோ 15 சதவீதத்துக்குச் சற்றே மேல். எடையும் திறனும் 1980இல் இருந்தபடியே இருந்திருந்தால், அதே நுட்ப வளர்ச்சி மைலேஜை ஏறத்தாழ 60 சதவீதம் உயர்த்தியிருக்கும். அரசின் சுற்றுச்சூழல் முகமை வைத்திருக்கும் ஏடும் இதையே சொல்கிறது. 1987இல் புது வண்டிகளின் சராசரி காலனுக்கு 22 மைல். 2004இல் அது 19.3. பதினேழு ஆண்டு அறிவியல் வளர்ச்சிக்குப் பிறகு மைலேஜ் குறைந்திருக்கிறது! அந்த ஆண்டு விற்ற வண்டிகளில் ஏறக்குறைய பாதி, சட்டத்தின் கண்ணில் டிரக்.

தெரிந்தும் செய்யாததற்கு எனக்கு மிகவும் கசப்பாகத் தெரியும் உதாரணம் ஒன்று உண்டு. 1993 செப்டம்பரில் கிளின்டன் அரசும் டெட்ராய்ட்டின் மூன்று நிறுவனங்களும் கைகோத்து ஒரு திட்டம் அறிவித்தன. குடும்பம் முழுக்க உட்காரும் காரை, காலனுக்கு 80 மைல், அதாவது லிட்டருக்கு 34 கிலோமீட்டர் கொடுக்கும்படி செய்வது குறிக்கோள். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அதில் இடமில்லை. அரசு ஆய்வுக்கூடங்கள் இறங்கின, பணமும் இறங்கியது. 2000இல் மூன்று நிறுவனங்களும் ஆளுக்கொரு மாதிரி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தின: ஜெனரல் மோட்டார்ஸின் பிரிசெப்ட், ஃபோர்டின் ப்ராடிஜி, கிரைஸ்லரின் டாட்ஜ் ஈஎஸ்எக்ஸ்-3. மூன்றும் டீசலையும் மின்மோட்டாரையும் சேர்த்த ஹைப்ரிட், மூன்றும் குறிக்கோளை நெருங்கியவை. ஒன்றுகூட விற்பனைக்கு வரவில்லை. அடுத்து வந்த புஷ் அரசு திட்டத்தை மூடி, ஹைட்ரஜன் பக்கம் திரும்பியது.

அதே 1993இல் டொயோட்டாவிலும் அடுத்த நூற்றாண்டுக்கான கார் என்று ஒரு திட்டம் தொடங்கியது. பொறுப்பாளர் தகேஷி உச்சியமாடா. மைலேஜை ஒன்றரை மடங்காக்குகிறோம் என்று அவருடைய குழு சொல்ல, போதாது, இரண்டு மடங்கு வேண்டும் என்று மேலிடம் திருப்பி அனுப்பியது. சாதாரண இன்ஜினில் அது நடக்காது என்பதால் ஹைப்ரிட் பக்கம் போனார்கள். ஹைப்ரிட் என்றால் என்ன? பிரேக் பிடிக்கும்போது சூடாகி வீணாகும் சக்தியை மின்சாரமாகப் பிடித்து பேட்டரியில் வைத்துக்கொள்வது. வண்டி நகரத் தொடங்கும்போது, அதாவது பெட்ரோல் இன்ஜின் மிக மோசமாகக் குடிக்கும் நேரத்தில், அந்த மின்சாரத்தால் தள்ளுவது. சிக்னலில் நின்றால் இன்ஜினை அணைத்துவிடுவது. 1997 டிசம்பரில் ப்ரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அந்த நாட்டுச் சோதனை முறைப்படி லிட்டருக்கு 28 கிலோமீட்டர். டெட்ராய்ட் மாதிரி வண்டிகளைக் காட்சிக்கு வைத்த 2000இல், ப்ரியஸ் அமெரிக்க ஷோரூமிலேயே நின்றது. ஃபோர்டு 2004இல் எஸ்கேப் ஹைப்ரிட்டைக் கொண்டுவந்தபோது, காப்புரிமைகளுக்காக டொயோட்டாவோடு ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது.

டெட்ராய்ட்டின் பக்கம் ஒரு நியாயமும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். பழைய தொழிலாளர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் மருத்துவச் செலவைக் கம்பெனியே ஏற்றுக்கொண்டிருந்தது. 2000களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு அந்தச் செலவு வண்டிக்கு 1,500 டாலர் அளவில் இருந்தது. ஜப்பானில் அந்தச் சுமையில் பெரும்பகுதி நாட்டின் பொதுக் காப்பீட்டைச் சேர்ந்தது. 50,000 டாலர் எஸ்யூவியில் 1,500 மறைந்துவிடும். 15,000 டாலர் காரில் அதுதான் மொத்த லாபமும். கூடவே, 2003இல் அரசே 6,000 பவுண்டுக்கு மேல் எடையுள்ள வண்டியை வியாபாரத்துக்கு வாங்கினால் 1,00,000 டாலர் வரை வரிக் கழிவு உண்டு என்று அறிவித்தது. ஹம்மர் போன்ற ராட்சத வண்டி வாங்கியவர்களுக்குக் கொண்டாட்டம்.

2008 கோடையில் பெட்ரோல் காலனுக்கு 4 டாலரைத் தாண்டியது. பின்னாலேயே நிதி நெருக்கடி. பெரிய வண்டியை மட்டுமே நம்பியிருந்தவர்கள் அடுத்த ஆண்டே விழுந்தார்கள்: ஏப்ரல் கடைசியில் கிரைஸ்லர் திவால், ஜூன் 1இல் ஜெனரல் மோட்டார்ஸ் திவால். ஜெனரல் மோட்டார்ஸுக்கு மட்டும் அரசு ஏறத்தாழ 5,000 கோடி டாலர் போட்டது.

சட்டத்தையும் திருத்தினார்கள். நான்கு சக்கரங்களுக்கு நடுவில் அடங்கும் தரைப் பரப்பைப் பார்த்து ஒவ்வொரு வண்டிக்கும் தனி இலக்கு என்று மாற்றினார்கள். சிறிய வண்டிக்கு இலக்கு கடுமை, பெரிய வண்டிக்குத் தளர்வு. எல்லா அளவிலும் நுட்பம் வளரட்டும் என்பது நல்லெண்ணம்தான். ஆனால் வண்டியைக் கொஞ்சம் பெரிதாக்கினால் இலக்கு இளகும் என்ற பாடத்தையும் அது கற்றுக்கொடுத்தது. 2018இல் ஃபோர்டு அமெரிக்காவில் சாதாரண கார்களை விற்பதையே படிப்படியாக நிறுத்தப் போவதாக அறிவித்தது. அந்த ஆண்டு அமெரிக்கர்களுக்கு ஃபோர்டு விற்ற மிகச் சிறிய எஸ்யூவியான ஈகோஸ்போர்ட் எங்கிருந்து போனது என்று நினைக்கிறீர்கள்? செங்கல்பட்டுக்குப் பக்கத்தில், மறைமலை நகரிலிருந்து. 2021 செப்டம்பரில் அந்த ஆலையையும் மூடுவதாகச் சொன்னார்கள். அமெரிக்காவில் ஈகோஸ்போர்ட்டும் முடிந்தது.

ஜப்பான்காரர்கள் மகாத்மாக்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. சுபாரு தன் அவுட்பேக்கைக் கொஞ்சம் மாற்றி டிரக் பெட்டிக்குள் தள்ளியது. டொயோட்டா 2006இல் டெக்ஸாஸின் சான் அன்டோனியோவில் பெரிய பிக்கப் செய்ய ஆலையே கட்டியது. அமெரிக்க மண்ணில் அவர்களும் அமெரிக்கக் கணக்குத்தான் போட்டார்கள். அந்தக் கணக்கின் அடியில் இருப்பது பெட்ரோல் விலை. அமெரிக்க மத்திய அரசின் பெட்ரோல் வரி காலனுக்கு 18.4 சென்ட், லிட்டருக்கு 5 சென்ட்கூட இல்லை. 1993இல் வைத்தது, அதற்குப் பிறகு எந்தக் கட்சி வந்தும் கை வைக்கவில்லை.

இப்போது எதிரே நிற்பது சீனா. பேச்சு மின்சார வண்டிக்கு மாறியிருக்கிறது. ஃபோர்டின் தலைமை நிர்வாகி ஜிம் ஃபார்லி, ஷாவ்மி என்ற சீன நிறுவனத்தின் மின்சாரக் கார் ஒன்றைச் சீனாவிலிருந்து தருவித்து மாதக்கணக்கில் ஓட்டியதாகவும், அதைத் திருப்பிக் கொடுக்க மனமில்லை என்றும் 2024இல் வெளிப்படையாகவே சொன்னார். அதே ஆண்டு அமெரிக்கா சீன மின்சாரக் கார்களுக்கு 100 சதவீத வரி போட்டது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம், 1975இல் பிறந்த அந்தச் சராசரி விதியை ரத்து செய்யவில்லை. சராசரியைத் தொடாத நிறுவனம் கட்ட வேண்டிய அபராதத் தொகையை மட்டும் மாற்றியிருக்கிறது: பூஜ்யம் டாலர்.